கறளும் கொட்டர் பின்னும்: மன்னாரில் பழைய சைக்கிளைத் திருத்துதல்

மன்னார்த் தீவிலும் அதை ஒட்டிய கரையோர ஊர்களிலும் இன்றும் ஓடும் பழைய சைக்கிள்களின் பிரேம் ஏறக்குறைய ஒரே முறையில் செய்யப்பட்டது. உருக்குக் குழாய்களின் முனைகளை மூட்டு உறைகளுக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை உருக்கிப் பாயவிட்டு இறுக்கிய கூடு அது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 1888இல் நிறுவப்பட்ட றலி, பின்னாளில் அதனோடு இணைந்த ஹம்பர், றட்ஜ் ஆகியவை முதலில் வந்தன. அடுத்து இந்தியாவிலிருந்து ஹெர்குலிஸ், ஹீரோ, அட்லஸ் வந்தன. இலங்கையிலேயே பாணந்துறையில் லுமாலா தயாரானது. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் உள்ளமைப்பு பெரிதாக மாறவில்லை: 28 அங்குலச் சில்லு, கம்பி பிரேக், முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40 கம்பி, கொட்டர் பின் என்னும் ஆப்பாணியால் அச்சில் பூட்டப்பட்ட இரும்புக் கிராங்க்.

மேடு பள்ளம் இல்லாத மன்னாருக்கு இந்த வண்டி பொருந்தியது. கியர் தேவைப்படாது, எதிர்க்காற்று ஒன்றுதான் ஏற்றம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது இன்னும் இன்றியமையாததாயிற்று. 1990களில் எரிபொருள் தடை நிலவிய பெருநிலப்பரப்பு ஊர்களில் நெல் மூட்டையையும் விறகையும் நோயாளியையும் சைக்கிளில்தான் கொண்டுபோனார்கள். அதன் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசைகள் நீண்டு, புதிய சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, கொட்டிலில் கிடந்த பழைய பிரேம்கள் மறுபடி திருத்தும் கடைக்கு வந்தன. அப்படி வந்தவற்றில் நல்ல பிரேம்கள் சில கடையிலேயே பழுதாகின. காரணம் பெரும்பாலும் சுத்தியல். உப்புக்காற்று பல ஆண்டுகளாகச் செய்ய முடியாததை, தவறான கருவி ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கும். பழைய சைக்கிள் திருத்தலில் கருவிக்கு இத்தனை முக்கியத்துவம் அதனால்தான்.

மன்னாரின் கறள் உள்நாட்டுக் கறளைப் போன்றதல்ல. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையைத் தீவின் தென்கரையில் அமைக்கக் காரணமான அதே காற்றுத்தான் கடற்துளிகளையும் ஊருக்குள் கொண்டுவருகிறது. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு பக்கத்திலிருந்தும் வாடை வீசும் மாதங்களில் மறுபக்கத்திலிருந்தும் உப்பு வந்து படியும். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டோ 33 சதவீத ஈரப்பதனிலேயே நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே மழையே இல்லாத வைகாசி, ஆனி மாதங்களிலும் உப்புப் படிந்த உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த ஈரத்தில் குளோரைட்டு உருக்கைக் குழி குழியாக அரிக்கும். மேலே உள்ள கறளைச் சுரண்டினாலும் குழியின் அடியில் குளோரைட்டு தங்கிவிடும். அதன் மேல் பூசிய நிறப்பூச்சு ஒரு மாரி முடிவதற்குள் கொப்பளித்துவிடும்.

மீன் வியாபாரத்துக்கு ஓடிய சைக்கிளில் சேதம் வேறு இடத்திலிருந்து தொடங்கும். கரியரில் கட்டிய பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த மீன்நீர் சொட்டிக்கொண்டே போகும். அது பின்சில்லின் விளிம்பில் விழுந்து, அச்சுக்குழலில் வழிந்து, பின் குழாய்களின் வழியே இறங்கிப் பெடல் அச்சு ஓடும் கூட்டில் தேங்கும். இப்படிப்பட்ட வண்டியில் முன்பாதி ஓரளவு பளபளப்பாகவும் பின்பாதி உதிர்ந்தும் இருக்கும்.

ஆதலால் திருத்தும் வேலை சாவியை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. முதலில் பார்க்க வேண்டியது பிரேமைக் காப்பாற்ற முடியுமா என்பது. சீற்றுக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, உள்ளே டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சீற்றுக் குழாயின் அடிப்பகுதியும் பெடல் அச்சுக் கூடும் மழைநீர் போய்ச் சேரும் இடங்கள். அங்கே குழாயைச் சிறு சாவியால் மெல்லத் தட்டினால், நல்ல உருக்கு மணி போல ஒலிக்கும். உள்ளே தின்னப்பட்ட உருக்கு மந்தமாகச் சத்தமிடும். கூரான ஊசியால் அழுத்தி, அது உள்ளே இறங்கினால் அந்தக் குழாய் முடிந்தது என்று கொள்ளலாம்.

அடுத்துத் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் பாரின் கீழ்ப்பக்கத்திலும் சரிவுப் பாரின் கீழ்ப்பக்கத்திலும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். எதிலாவது மோதிய வண்டியில் அந்த இடத்தில் சிறு புடைப்போ, பூச்சில் சுருக்கமோ இருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. முன் போர்க் மேலேறித் தலைக்குழாய்க்குள் நுழையும் தண்டு இன்னும் ஆபத்தான இடம். அது ஓட்டத்தில் ஒடிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். ஆகவே அங்கே வெடிப்பு இருந்தால் ஒட்டிச் சரிக்கட்டாமல் போர்க்கையே மாற்றிவிட வேண்டும். வேறு சில குறைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம், இதற்குக் கூடாது.

வண்டி எந்தக் காலத்தது என்று அறிவது ஆசைக்காக மட்டுமல்ல. எந்தப் பாகம் பொருந்தும் என்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது. 1936இல் அறிமுகமான ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர் அச்சுக்குழல் பொருத்திய வண்டியானால் வேலை எளிது. அதன் உடலிலேயே உற்பத்தியான ஆண்டு எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றவற்றில் சீற்று மூட்டிலோ பின் முனையிலோ உள்ள தொடர் எண், தலைக்குழாயின் சின்னம், முன் பற்சில்லில் வெட்டப்பட்ட உருவம் ஆகியவை உதவும். றலியின் பற்சில்லில் நாரைத் தலைகளும், றட்ஜில் கையும் இருக்கும். ஹம்பரை அதன் இரட்டைக் குழாய் முன் போர்க்கை வைத்துத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பிரித்தெடுப்பதில் கடினமான இடம் கிராங்க். கிராங்கின் கண்ணுக்குள் பெடல் அச்சு நுழைகிறது. அச்சில் ஒரு தட்டையான வெட்டு உண்டு. கண்ணைக் குறுக்காகத் துளைத்துச் செல்லும் கொட்டர் பின்னின் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சரிவு அச்சின் வெட்டோடு ஆப்பாக இறுகி, கிராங்கைப் பிடித்துக்கொள்கிறது. முனையிலுள்ள நட் பின்னை இழுத்து இறுக்குவதற்கானதல்ல; இறுகிய பின் நழுவாமல் காவல் இருப்பதற்கானது. இந்த ஒரு விஷயத்தைத் தவறாக விளங்கிக்கொண்டதால் புரி சிதைந்த பின்கள் எத்தனையோ.

வழக்கமான முறையில் நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் பின்னை அடிப்பார்கள். அப்போது மூன்று கேடுகள் வரும். புரி முனை மழுங்கி நட் மறுபடி ஏறாது. பின் வளைந்து கண்ணுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மூன்றாவதுதான் பெரியது: அடியின் அதிர்ச்சி அச்சு வழியாகக் குண்டுகளுக்குப் போய், குண்டுகள் அச்சைத் தாங்கும் கப்பின் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும். அதன் பின் எவ்வளவு கிறீஸ் வைத்தாலும் பெடல் சுற்றும்போது கரகரக்கும்.

இதற்கென்றே உள்ள கருவி தடித்த உருக்கில் செய்த ப வடிவப் பிடி. அதன் ஒரு காலில் நீண்ட திருகாணி. மறுகாலில் பின் வெளியே வருவதற்கான துளை. நட்டைப் பின்னின் முனையோடு சமமாகும் வரை தளர்த்தி, கழற்றாமல் விட வேண்டும். அது புரிக்குக் கவசம். பிடியைக் கண்ணின் மேல் மாட்டித் திருகாணியை இறுக்கினால், சிறிது நேரம் எதுவும் நடக்காதது போலிருக்கும். பிறகு துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தத்தோடு பின் இளகும். அச்சுக்கு ஓர் அதிர்ச்சியும் இல்லை. இந்தக் கருவி கடைகளில் எளிதில் கிடைக்காது. கடைச்சல் பட்டறை உள்ள எந்த ஊரிலும் செய்விக்கலாம்; அல்லது கனமான வைஸின் இரு தாடைகளுக்கு நடுவே, ஒரு பக்கம் சிறு குழாய்த்துண்டை வைத்து, கிராங்கைப் பிடித்து இறுக்கியும் இதே வேலையைச் செய்யலாம். மன்னார்க் கறளில் இறுகிய கொட்டர் பின் முதல் முயற்சியில் வராமல் போகலாம். மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் கண்ணை மட்டும் சுடரால் சூடாக்கி அழுத்தினால் பெரும்பாலானவை வந்துவிடும். அதற்கும் மசியாததை நடுவில் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், கிராங்கின் அடியில் நிலத்தைத் தொடும் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே ஓங்கிய அடியாக அடிப்பது பல சிறு அடிகளைவிடக் குறைந்த கேடு.

புதிய பின் போடும்போது அளவு முக்கியம். ஆங்கில வண்டிகளுக்கு 9.5 மில்லிமீற்றர் பின். ஐரோப்பியக் கண்டத்து வண்டிகளுக்கு 9 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் மாறிப் போட்டால் ஒரு வாரத்தில் ஆட்டம் வந்துவிடும். பின்னின் சரிவுப் பக்கத்தில் விளக்குக் கரியைத் தடவி, செருகி, எடுத்துப் பார்த்தால் எங்கே உராய்கிறது என்று தெரியும். ஒரு ஓரம் மட்டும் பளபளத்தால் அந்த ஓரத்தை அரத்தால் மெல்லச் சீவ வேண்டும். முழுத் தட்டையும் ஒரே சீராக உராயும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார் பொறுமையான வேலைக்காரர். இரண்டு பின்களும் ஒரே திசைமுறையில் இருக்க வேண்டும். வலது கிராங்க் மேலே நிற்கும்போது நட் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இடது கிராங்கை மேலே கொண்டுவரும்போதும் அதே பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரு கிராங்குகளும் ஒரே கோட்டில் நில்லாமல் உடைந்த கால் போலக் கோணும்.

அச்சைத் தாங்கும் கப்கள் இரண்டு. ஆங்கில முறையில் செய்த பிரேமில் வலப்பக்கக் கப்பின் புரி இடம்புரி. வலமாகச் சுற்றினால்தான் கழலும். இடப்பக்கத்தில் வழமையான புரி. பெடல்களில் இது தலைகீழ்: இடது பெடல்தான் இடம்புரி. ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இதை அறியாமல் நீண்ட குழாயைச் சாவியில் மாட்டி எதிர்த்திசையில் இழுத்து, கூட்டின் புரியையே பிய்த்தெடுத்தவர்கள் உண்டு. வலப்பக்கக் கப்பில் சாவி பிடிக்க இரண்டு மெல்லிய தட்டைகள் மட்டுமே இருக்கும். சாதாரணச் சாவி நழுவும். கப்பின் துளை வழியே தடித்த போல்ட் ஒன்றைச் செலுத்தி, இரு பக்கமும் வாஷர் வைத்து நட்டால் இறுக்கி, அந்த நட்டை வலமாகத் திருகுவது ஒரு நல்ல உபாயம். நட் இறுக இறுகக் கப்பும் கூடவே சுற்றிக் கழன்று வரும்.

புரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலப் பொது அளவில் கூட்டின் புரி அங்குலத்துக்கு 24. றலி தன் தொழிற்சாலைக்கென்றே அங்குலத்துக்கு 26 புரி வைத்தது. விட்டம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், 24 புரிக் கப் றலிக் கூட்டில் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். கறள் என்று நினைத்துப் பலத்தைக் கூட்டினால் கூடு கெட்டது. புரியைத் துப்புரவாக்கும் வெட்டுக் கருவியை இறக்குவதற்கு முன், புரி அளவு பார்க்கும் சீப்பை வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. முன் போர்க்கின் தண்டிலுள்ள புரியிலும் றலிக்கு இதே தனிவழிதான். அதனால் வேறு வண்டியின் போர்க்கைக் கொண்டுவந்து மாட்டும்போது பழைய நட் பொருந்தாமல் போகும்.

வளைந்த கிராங்க் இரும்பானால் நிமிர்த்தலாம். வைஸில் கண்ணை அல்ல, தண்டைப் பிடித்து, நீண்ட குழாயை மாட்டிக் குளிராகவே சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். பெடல் துளையருகே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்தக் கிராங்க் பழைய இரும்புக் குவியலுக்கே உரியது.

பிரேம் நேராக இருக்கிறதா என்பதை அறிய நூல் போன்ற எளிய கருவியே போதும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பின்சில்லு பூட்டும் ஒரு முனையில் மெல்லிய மீன்வலை நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி எடுத்து, மறுபக்க முனையில் இறுக்கிக் கட்ட வேண்டும். இப்போது சீற்றுக் குழாயின் இரு பக்கமும் நூல் ஓடும். குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தால், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் வேறுபாட்டைப் பொறுக்கலாம். அதற்கு மேலென்றால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது; அப்படிப்பட்ட வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும், பற்சில்லையும் செயினையும் தின்னும். உருக்குக்கு ஒரு பெருங்குணம் உண்டு: வளைந்ததைக் குளிராகவே திரும்ப வளைக்கலாம். பெடல் அச்சுக் கூட்டை அசையாமல் பிடித்து, நீண்ட மரத்தாலோ குழாயாலோ நெம்பி, நூலை மறுபடி கட்டி அளக்க வேண்டும். நெம்புவது, அளப்பது, மறுபடி நெம்புவது என்று இது நகரும். அலுமினியப் பிரேமில் இதைச் செய்யக்கூடாது, அது வெடித்துவிடும்.

பின் முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகப் பார்க்கின்றனவா என்பதை அறிய இரண்டு உருளைக் கருவிகள் உள்ளன. ஒவ்வொரு முனையிலும் ஒன்றைப் பூட்டினால், நடுவில் இரண்டின் முகங்களும் இடைவெளியின்றிச் சந்திக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் பின்சில்லின் அச்சு அடிக்கடி வளைவதும் ஒடிவதும் ஏன் என்றே தெரியாமல் போகும். மீன்பெட்டிச் சுமைக்கு ஓடும் வண்டிகளில் இந்தக் கோணல் மிகச் சாதாரணம்.

குழாய் மூட்டிலிருந்து கழன்றிருந்தால் ஒட்டுவேலை தேவை. இங்கேதான் இன்றைய வழக்கம் பழைய பிரேமுக்கு எதிரி. மின் வெல்டிங் எங்கும் கிடைக்கிறது, மலிவும் கூட. ஆனால் இந்தக் குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான். மின்பொறி அதில் ஓட்டை போடும், அல்லது ஒட்டின் ஓரத்தை நொறுங்கும் தன்மையாக்கும். சில மாதங்களில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். பழைய மூட்டுக்குப் பழைய முறையே சரி. கறளும் பூச்சும் நீங்க வெள்ளி போலத் துலக்கி, வெண்காரம் தூவி, ஒட்சி-அசற்றலீன் சுடரால் முழு மூட்டையும் சீராகச் சூடாக்க வேண்டும். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில், உருக்கு செம்மஞ்சளாக ஒளிரும்போது, பித்தளைக் கம்பியைத் தொட்டால் அது உருகி, இடுக்குக்குள் தானாக இழுக்கப்படும். மறுபக்க ஓரத்தில் பித்தளையின் மெல்லிய பொன்கோடு தெரிந்தால் ஒட்டு நிறைந்துவிட்டது. வெண்புகை எழுந்தால் சூடு அதிகம். பித்தளையிலுள்ள நாகம் எரிகிறது. அந்தப் புகை காய்ச்சலைத் தரும். திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்வதே முறை.

கறளை நீக்கச் சிறு பாகங்களுக்குச் சித்திரிக் அமிலக் கரைசல் போதும். கிராங்க், பற்சில்லு போன்றவற்றுக்கு மின்பகுப்பு இன்னும் நல்லது, ஏனென்றால் அது குழியின் அடியிலுள்ள குளோரைட்டையும் வெளியே இழுக்கும். நாலைந்து லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, பாகத்தைப் பற்றறி சார்ஜரின் எதிர்முனையிலும் பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் கட்டி மூழ்கடிக்க வேண்டும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போடக்கூடாது. குளோரின் வாயு வரும். எவர்சில்வர்த் துண்டை நேர்முனையில் வைக்கக்கூடாது. நஞ்சான குரோமியம் கரையும். எழும் குமிழிகள் ஐதரசன். பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. கடைசியாகக் கழுவும் நீரைப் பற்றி மன்னாரில் தனியாகச் சொல்ல வேண்டும். தீவின் பல கிணறுகளில் நீர் உவர். அந்த நீரால் கழுவினால் நீக்கிய உப்பைத் திரும்பப் பூசியதாகும். மழைநீரோ குடிநீரோ வேண்டும்.

துலக்கிய உருக்கை இரவு தாண்ட விடக்கூடாது. கடற்கரையில் சில மணி நேரத்திலேயே செம்படலம் ஏறும். ஆகவே காலையில் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றே அடிப்பூச்சு. சோளகம் கடுமையாக வீசும் நாட்களில் வெளியில் பூசினால் மணலும் உப்பும் பூச்சுக்குள் புதையும். பழைய பூச்சு முக்கால்வாசி நிற்கிறதென்றால் அதைச் சுரண்டி எடுக்காமல் விடுவதே மேல். தொழிற்சாலையில் சூளையில் சுட்ட கறுப்பும், கையால் இழுத்த பொன்கோடும் இன்றைய தகரப் பெயின்ற்றைவிட உறுதியானவை; கறள் பிடித்த இடத்தை மட்டும் துலக்கி, எண்ணெய் தடவிப் பேணலாம். குழாய்களின் உட்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெயை ஊற்றிப் பிரேமைச் சுழற்றிக் காயவிட வேண்டும். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் மூன்று மில்லிமீற்றரில் ஒரு துளை இட்டால் தேங்கும் நீர் வழிந்துவிடும். பெரும்பாலான தொழிற்சாலைகள் செய்யாமல் விட்ட வேலை இது. மன்னாரில் பிரேமின் ஆயுளை இதைவிட மலிவாகக் கூட்டும் வழி வேறில்லை.

பூட்டுவது பிரிப்பதைவிட விரைவு. பெடல் அச்சுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலக் குண்டுகள் பதினொன்று, நிறைய கிறீஸ். கப்பை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கி, பூட்டு வளையத்தைக் கொக்கிச் சாவியால் பிடிக்க வேண்டும். செயினை 12 அங்குலத்துக்கு அளந்து, அது பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் மாற்றுவது பற்சில்லைக் காக்கும். மீன்பெட்டி வண்டியானால் கரியரின் கீழே பழைய ரியூப்பைக் கிழித்து விரித்துக் கட்டி, சொட்டும் நீரைச் சில்லுக்கு அப்பால் விழவைக்கலாம்.

கொட்டர் பின் புதிதாகப் போட்ட வண்டி முதல் ஓட்டத்தில் சற்றுத் தளரும். ஆப்பு அச்சின் வெட்டில் அமர்வதால் வரும் தளர்ச்சி அது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் ஓடித் திரும்பிய பிறகு, கருவியை மறுபடி மாட்டிப் பின்னை ஒருமுறை அழுத்தி, நட்டைக் கையளவு பலத்தில் இறுக்கினால், அதன் பிறகு அந்தக் கிராங்கைத் தொட வேண்டிய தேவை நீண்ட காலத்துக்கு வராது.